எவ்வளவு தண்ணீர், எந்தத் தெரு வரை? வெள்ளாற்றுக் கீழ்ப்படுகையும் கணித மாதிரிகளும்

வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகின்றன. தொழுதூர், பெலாந்துறை அணைக்கட்டுகளைத் தாண்டி, கூடலையாற்றூரில் மணிமுக்தாற்றையும் சேர்த்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு வரும் ஆறு, அங்கிருந்து புவனகிரி வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. மேற்கே மலையில் பெய்த மழை புவனகிரிப் பாலத்தை எப்போது, எவ்வளவு உயரத்தில் எட்டும்? கரை தாண்டினால் எந்தத் தெரு வரை வரும்? இந்தக் கேள்விக்குப் பொறியாளர்கள் நூற்று ஐம்பது ஆண்டுகளாக விடை எழுதி வருகிறார்கள். ஒரு வரி வாய்பாட்டில் தொடங்கிய விடை, இன்று லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்த நிலப்பரப்பைக் கணிப்பொறியில் ஓடவிட்டுப் பார்ப்பதுவரை வந்திருக்கிறது.

இந்த வரலாற்றை வழக்கமாகக் கணக்கிடும் திறனின் வளர்ச்சியாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒவ்வொரு புதிய முறையும் முந்தையது ஊகித்துச் சொன்ன ஒன்றைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆனால் அந்த ஊகம் ஒழிந்துபோவதில்லை, வேறோர் எண்ணுக்குள் இடம்பெயர்கிறது. கீழ்ப்படுகையில் அது எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கவனம்.

ஒரே எண்ணில் ஒரு படுகை

பாலத்துக்கு எத்தனை கண் வைப்பது, ஏரிக் கலிங்குக்கு எவ்வளவு நீளம் கட்டுவது என்பது சென்னை மாகாணப் பொறியாளர்களுக்கு அன்றாடக் கேள்வி. 1884இல் ரைவ்ஸ் அதற்கொரு வாய்பாடு தந்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். அந்தக் கெழு, கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அங்கிருந்து 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையை ஒட்டிய சிறு பரப்புகளுக்கு 10.2. வட இந்தியாவுக்கு 1865இலேயே டிக்கன்ஸ் இதே வகையில் வேறோர் அடுக்கோடு ஒன்றைத் தந்திருந்தார்.

ஆயிரம் சதுர கிலோமீட்டர் படுகைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். கடலோரக் கெழுவின்படி நொடிக்கு 680 கனமீட்டர், அதாவது சுமார் 24,000 கனஅடி. மலையோரக் கெழுவின்படி 1,020 கனமீட்டர், சுமார் 36,000 கனஅடி. வெள்ளாற்றின் தலை மலையிலும் வால் கடலோரத்திலும் இருக்க, எந்தக் கெழுவை எடுப்பது? வாய்பாடு அதைப் பொறியாளரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுகிறது. இன்னொரு குறை இதைவிடப் பெரியது: வாய்பாட்டில் மழையே இல்லை. பரப்பு மட்டும் இருக்கிறது. நேரமும் இல்லை; வெள்ளம் ஆறு மணி நேரத்தில் வந்து போகுமா, மூன்று நாள் நிற்குமா என்று அது சொல்லாது.

ஆனாலும் இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த மாகாணத்தின் ஏரிகளும் ஆறுகளும் உண்மையில் காட்டிய வெள்ளங்கள் அந்தக் கெழுவுக்குள் சுருங்கி நிற்கின்றன. புதிய மாதிரி தரும் விடை நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் உரசிப் பார்க்க இன்றும் அது பயன்படுகிறது. மழையின் வேகத்தைக் கணக்கில் கொண்டுவந்த முறை ஒன்றை அயர்லாந்தின் மல்வேனி 1851இலேயே எழுதியிருந்தார். சிறு வடிகால்களுக்கும் தெருக் கால்வாய்களுக்கும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய படுகைக்குப் பொருந்தாது.

நூறாண்டு வெள்ளம் என்ற பேச்சு

இன்னொரு மரபு, ஆற்றின் இயக்கத்தை ஆராயாமல் அதன் பழைய பதிவுகளை மட்டும் பார்க்கும். ஆண்டுதோறும் வந்த உச்ச வெள்ளங்களை வரிசைப்படுத்தி, கம்பெல் போன்றோர் வகுத்த நிகழ்தகவுப் பரவலில் பொருத்தி, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் இவ்வளவு என்று சொல்லும். இந்தச் சொல் பத்திரிகைகளில் வந்ததிலிருந்து தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. எந்த ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வாழும் வீட்டுக்கு அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. முறையின் அடித்தளம், நாளைய மழை நேற்றைய மழையைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கை. காலநிலை மாறிவரும்போது அந்த நம்பிக்கை நிற்காது என்று நீரியலாளர் சிலர் 2008இல் வெளிப்படையாக எழுதினார்கள். மாற்றாக எதை வைப்பது என்பதில் இன்னும் ஒப்புதல் இல்லை.

நேரம் கணக்கில் ஏறியது

1932இல் ஷெர்மன் முன்வைத்த அலகு நீர்வரைவு, படுகை ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் மழைநீர் வழிந்தால் ஆறு எப்படி ஏறி இறங்கும் என்ற வளைவை வரைந்தது. இரண்டு சென்டிமீட்டர் என்றால் வளைவு இரு மடங்கு. இந்தியாவில் 1957இல் அமைந்த கோஸ்லா குழு இந்த வழியைப் பரிந்துரைத்தது. பிறகு நாடு 26 துணை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அளவுக் கருவி இல்லாத படுகைக்கும் அதன் நீளம், சரிவு ஆகியவற்றிலிருந்தே வளைவு வரையும் முறைகள் வந்தன. அமெரிக்காவின் மஸ்கிங்கம் ஆற்றுக்காக 1938இல் உருவான ஒரு முறை, வெள்ள அலை ஆற்றில் இறங்கும்போது எவ்வளவு தட்டையாகிறது என்பதைக் கணக்கிட்டது. மத்திய நீர்வள அமைப்பு 1958இல் டெல்லியில் யமுனைக்கு வெள்ள முன்னறிவிப்பைத் தொடங்கியது. மேல் நிலையத்து நீர்மட்டத்தைக் கொண்டு கீழ் நிலையத்து மட்டத்தைச் சொல்லும் எளிய தொடர்பு வரைபடங்கள் அதன் பிறகும் நெடுங்காலம் கைகொடுத்தன.

இவை எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே திசையில் ஓடும் ஆற்றுக்குப் பொருந்துகின்றன. சேத்தியாத்தோப்புக்குக் கீழே நிலம் கிட்டத்தட்டத் தட்டை. முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்தாலோ, புயலில் கடல் உயர்ந்து நின்றாலோ ஆற்று நீர் வடியாமல் பின்வாங்கி நிற்கும். வடிகால் ஓடைகள் ஆற்றில் விழுவதற்குப் பதில் ஆறு ஓடைக்குள் ஏறும். மேலிருந்து வருவதை மட்டும் பார்க்கும் கணக்கு இந்த இடத்தில் தோற்கிறது.

பூண்டியில் ஒரு குட்டி ஆறு

கணிப்பொறிக்கு முன்பே ஆற்றை மாதிரியாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. புனேக்கு அருகே கடக்வாஸ்லா ஆய்வு நிலையத்தின் தொடக்கம் 1916. தமிழ்நாட்டில் பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டி 1944இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் அணை, மதகு, கலிங்கு ஆகியவற்றைச் சிமென்டிலும் மணலிலும் சுருக்கிக் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு நாள் வெள்ளம் இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடிந்துவிடும்.

கண்ணால் பார்க்க முடிவது இதன் பெரும் பலம். மதகடியில் சுழல் எங்கே பிடிக்கிறது, அரிப்பு எங்கே விழுகிறது என்பதில் இன்றைய கணிப்பொறி மாதிரிகளுக்கும் இதுவே உரைகல். ஆனால் அகன்ற வெள்ளச் சமவெளியைச் சுருக்கும்போது சிக்கல் வருகிறது. மூன்று மீட்டர் ஆழ வெள்ளத்தை ஐந்நூறில் ஒன்றாக்கினால் ஆறு மில்லிமீட்டர் தண்ணீர்தான் மிஞ்சும். அதில் ஆற்றின் இயல்பைவிடப் பரப்பிழுவிசையின் இயல்பே தலைதூக்கும். அதனால் உயரத்தை மட்டும் மிகைப்படுத்திக் கட்டுவார்கள். எவ்வளவு மிகைப்படுத்துவது என்பது மறுபடியும் அனுபவசாலியின் முடிவு.

சமன்பாடு பழையது, கணிப்பொறி புதிது

ஓடும் நீரின் நிறையும் உந்தமும் காக்கப்படும் என்பதிலிருந்து பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான் தன் சமன்பாடுகளை எழுதியது 1871இல். ரைவ்ஸ் வாய்பாட்டைவிட அவை மூத்தவை. கையால் தீர்க்க முடியாததால் அவை பாடநூலில் முடங்கிக் கிடந்தன. 1950களில் நியூயார்க்கில் ஸ்டோக்கரும் உடன் உழைத்தவர்களும் ஒகையோ ஆற்றின் ஒரு வெள்ளத்தை யூனிவாக் கணிப்பொறியில் ஓட்டிக் காட்டினார்கள். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் கிராஃபோர்டும் லின்ஸ்லியும் மழை, மண், நிலத்தடி, ஆறு அனைத்தையும் ஒரே நிரலில் இணைத்தார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் மென்பொருள் 1995இல் வந்தது. 2016இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பு, ஆற்றோடு சமவெளியையும் இரு பரிமாணக் கட்டங்களாகக் கணக்கிடத் தொடங்கியது. அது இலவசம் என்பதால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் எட்டுகிறது.

இதன் உள்வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், பல தவறான நம்பிக்கைகள் அங்கேதான் பிறக்கின்றன. நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால், மூன்று மீட்டர் ஆழ நீரில் அலை நொடிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடும். நேரடியாகக் கணக்கை முன்னகர்த்தும் முறைகளில், அலை ஒரு கட்டத்தைத் தாண்டும் முன் கணக்கு அடுத்த அடியை எடுத்துவிட வேண்டும். கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் காட்டிய நிபந்தனை இது. அதாவது ஆறு நொடிக்குள் ஓர் அடி. தெருவைப் பிரித்தறிய 10 மீட்டர் கட்டம் வேண்டும் என்றால் கட்டங்கள் ஒன்பது மடங்கு, அடிகள் மூன்று மடங்கு, உழைப்பு 27 மடங்கு. இன்றைய கணிப்பொறிகள் அதையும் செய்துவிடும். ஆனால் கட்டம் சிறிதானதால் அதிலுள்ள செய்தியும் நுணுக்கமாகிவிட்டது என்று நினைப்பது பிழை.

நீருக்கும் படுகைக்கும் இடையிலான உராய்வு ஒரே எண்ணாகத்தான் உள்ளே போகிறது. மேனிங்கின் பெயரால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புழங்கும் சொரசொரப்பு எண் அது. துப்புரவான ஆற்றுக்கு 0.03 என்றால், சீமைக் கருவேலமும் நாணலும் அடைத்த படுகைக்கு 0.06ஐத் தாண்டலாம். அகன்ற, ஒரே சரிவுள்ள ஆற்றில் இந்த எண் இரட்டித்தால் அதே வெள்ளத்தின் ஆழம் ஒன்றரை மடங்காகும். நான்கு மீட்டரில் போக வேண்டிய ஆறு ஆறு மீட்டரில் போகும். புதர் வெட்டிய ஆண்டும் வெட்டாத ஆண்டும் வெள்ளாறு இரு வேறு ஆறுகள். எந்த ஆண்டின் ஆறு மாதிரிக்குள் இருக்கிறது என்பது அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகக் கிடக்கும், படிப்பவர் குறைவு.

483 மில்லிமீட்டர்

2015 நவம்பர் 9–10இல் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 483 மில்லிமீட்டர் மழை பதிவானது. கடலூர் மாவட்டம் அந்த ஆண்டு பட்டதை நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த எண்ணை வைத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு வழியும் என்பதற்கு உலகெங்கும் பயன்படுவது அமெரிக்க மண்வளத் துறை 1950களில் உருவாக்கிய வளைவு எண் முறை. மண்ணுக்கும் நிலப்பயனுக்கும் ஏற்ப நூறுக்குள் ஓர் எண் தரப்படும். ஒருவர் இந்தப் படுகைக்கு 75 என்கிறார், இன்னொருவர் 85 என்கிறார் என்று கொள்வோம். 60 மில்லிமீட்டர் மழைக்கு முதலாமவரின் கணக்கில் 14.5 மில்லிமீட்டர் வழியும், இரண்டாமவரின் கணக்கில் 27. கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபாடு. அதே இருவரும் 483 மில்லிமீட்டர் மழைக்கு முறையே 394, 433 மில்லிமீட்டர் என்பார்கள். வேறுபாடு பத்து விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது.

மண் பற்றிய அறியாமை சிறு மழையில்தான் ஆளுகிறது. பேய்மழையில் நனைந்து ஊறிய மண் எல்லாம் ஒன்றுதான். ஆகவே பெருவெள்ளத்துக்கென்று மாதிரி செய்பவர் மண் வரைபடத்தை மேலும் மேலும் திருத்துவதில் காலம் செலவிடுவது வீண் என்றே தோன்றுகிறது. அப்போது ஆளுவது வேறு இரண்டு. முதலாவது மழையே: நெய்வேலியின் மானியில் 483 என்றால் விருத்தாசலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன? மானிகளுக்கு இடையே ராடார் நிரப்பித் தரும் மழை ஒரு மதிப்பீடுதான். இரண்டாவது, வழிந்த நீர் போகும் வழி.

மட்டம் தெரியாத நிலம்

வழியைத் தீர்மானிப்பது நிலத்தின் உயரம். பல ஆய்வுகள் இதற்கு எடுத்துக்கொள்வது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ராடாரால் அளந்த உலக உயர வரைபடத்தை. கிடைப்பது எளிது, செலவில்லை. ஆனால் அதன் உயரப் பிழை பல மீட்டர் வரை போகும். தென்னந்தோப்பிலும் வீட்டுக் கூரையிலும் ராடார் காண்பது தரையை அல்ல, உச்சியை. சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டைச் சுற்றுவட்டத்தில் ஓர் ஊரை மூழ்கடிப்பதும் விடுவதும் அரை மீட்டர் வேறுபாட்டில் நடக்கிறது. ஒரு வயல் வரப்பு, உயர்த்திப் போட்ட ஒரு சாலை, ரயில் பாதையின் மேடு, அடைபட்ட ஒரு குறுக்குப் பாலம் ஆகியவை நீரின் திசையையே மாற்றுகின்றன. 30 மீட்டர் கட்டத்துக்குள் இவை எதுவும் தெரியாது.

விமானத்திலிருந்து லேசரால் அளந்த உயரம் சில பத்து சென்டிமீட்டர் துல்லியத்துக்கு வரும். பணமும் அனுமதியும் வேண்டும். அது இருக்கும் இடத்தில் இரு பரிமாண மாதிரிகள் நம்பத்தக்கவை ஆகின்றன; இல்லாத இடத்தில் அவை தரும் வண்ண வரைபடங்களின் அழகு ஏமாற்றக்கூடும். ஆற்றின் அடித்தளமும் அப்படியே. நீருக்கு அடியில் ராடார் பார்க்காது. குறுக்குவெட்டு அளவெடுக்க ஆள்தான் இறங்க வேண்டும். மணல் எடுத்த ஆற்றில் சில ஆண்டுகளுக்கு முந்தைய குறுக்குவெட்டு இன்றைய ஆற்றுடையதாக இருக்காது.

மதகைத் திறப்பவர் சமன்பாட்டில் இல்லை

புவனகிரிக்கு மேலே வெள்ளாறு தனியாக ஓடவில்லை. சோழர் காலத்து வீராணம் ஏரி 47.50 அடி முழு மட்டத்தில் 1,465 மில்லியன் கனஅடி கொள்ளும். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு அதற்கு நீர் கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்து நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மிகுந்த நீர் ஒருபுறம் லால்பேட்டை வழியே வெளியேறும். மறுபுறம் சேத்தியாத்தோப்பு அருகே வி.என்.எஸ்.எஸ். மதகு வழியாக வெள்ளாற்றில் விழும். அதாவது காவிரிப் படுகையின் நீரும் அரியலூர் மழையும் புவனகிரிப் பாலத்தடியில் வந்து சேரும் வழி இருக்கிறது. படுகையின் எல்லையை வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு தொடங்கும் மாதிரிக்கு இது சங்கடம்.

மதகு எத்தனை மணிக்கு, எத்தனை அடி திறக்கும் என்பதை மாதிரி செய்பவர் எல்லை நிபந்தனை என்று வெளியிலிருந்து கொடுக்கிறார். எழுதப்பட்ட இயக்க விதி ஒன்று இருக்கும். நள்ளிரவு மழையில் கரையில் நிற்கும் பொறியாளர், கீழே ஊரும் மேலே கரையும் இருக்க, அந்த விதியை அப்படியே கடைப்பிடிப்பார் என்பது மாதிரியின் அனுமானம்.

இதன் கூர்மையான எடுத்துக்காட்டு பக்கத்து ஆற்றில் நிகழ்ந்தது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கனஅடி வரை திறக்கப்பட்டது. அணையின் மேல்படுகையில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. கடலூர்வரை கரையோர ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. படிப்படியாக எச்சரித்தே திறந்தோம் என்றது அரசு. அந்தச் சர்ச்சையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலை இல்லை. ஒரு கணக்கு மட்டும். 1.68 லட்சம் கனஅடி ஒரு நாள் முழுவதும் நீடித்தால் 14.5 டி.எம்.சி. அணையின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 7.3 டி.எம்.சி. அந்த வேகத்தில் வரும் வெள்ளம் வெற்று அணையையே அரை நாளில் நிரப்பிவிடும். முன்கூட்டி அணையைக் காலி செய்திருந்தால் உச்சம் தணிந்திருக்கும், தள்ளிப் போயிருக்கும், முற்றும் தவிர்ந்திருக்காது. அப்படிக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முந்தைய மழைக் கணிப்பை நம்ப வேண்டும். கணிப்பு பொய்த்தால் கோடைக்கு நீர் இல்லை, கேள்வி கேட்பது உழவர்கள். எவ்வளவு நிச்சயம் இருந்தால் மதகைத் திறக்கலாம் என்ற கேள்வியை எந்தச் சமன்பாடும் எழுப்புவதில்லை.

கட்டுமானம் உடைவதும் இதே வகை. 2018 ஆகஸ்ட் 22இல் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கரை எங்கே, எந்த நேரத்தில் உடையும் என்று கேட்டால் மாதிரி கையை விரிக்கும். இந்த இடத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் நன்றாகவே பதில் சொல்லும். இந்த வேறுபாடு முக்கியமானது. பரவனாற்று நீரைச் சுருக்கு வழியில் கடலுக்கு விடும் அருவாமூக்குத் திட்டம் போன்ற யோசனைகளை எடைபோடும்போது, திட்டம் இருந்தால், இல்லாவிட்டால் என்று இரு ஓட்டங்களை ஒப்பிடலாம். உயரப் பிழையும் மழைப் பிழையும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் வேறுபாட்டில் பெருமளவு கழிந்துபோகும். தனி எண்ணாக நம்ப முடியாத மாதிரியும் ஒப்பீட்டுக்கு நம்பத்தக்கதாக இருக்கலாம். வெள்ள மாதிரிகளின் உண்மையான பயன் இதில்தான் அதிகம் என்பது என் மதிப்பீடு.

பிச்சாவரம் பற்றிய சண்டை

ஒரே தரவிலிருந்து எதிரெதிர் முடிவுகள் வரலாம் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இந்தக் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசன், ராஜேந்திரன் இருவரும் 18 கடலோரக் குடியிருப்புகளின் இழப்பை ஆராய்ந்து, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு டேனியல்சன் குழு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து இதே திசையில் எழுதியது. 2006இல் கெர், பேர்ட், கேம்பல் மூவரும் முதல் கட்டுரையின் தரவையே மறுபடி எடுத்து, கடலிலிருந்து தூரத்தையும் நில உயரத்தையும் கணக்கில் சேர்த்தபின் காட்டின் பங்கு என்று சொல்ல மிஞ்சுவது சொற்பம் என்றார்கள். காடு வளர்ந்த இடங்களுக்குப் பின்னால் உள்ள ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன, எது காத்தது? மறுமொழிகளும் திருத்தங்களும் தொடர்ந்தன.

அலையின் இயக்கத்தையே கணக்கிடும் மாதிரி இதைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். அதிலும் காடு ஓர் உராய்வு எண்ணாகவே நுழைகிறது. அந்த எண்ணைப் பெரிதாக வைத்தவருக்குக் காடு காக்கும், சிறிதாக வைத்தவருக்குக் காக்காது. எனவே சர்ச்சை, எந்த மரம் எந்த அலையில் எப்போது முறியும் என்ற அளவீட்டுக்கு நகர்ந்ததே தவிர முடியவில்லை. இதற்கு மாறாக, ஆழ்கடலில் அலை ஓடிவரும் நேரத்தைச் சொல்வதில் மாதிரிகள் வெற்றி கண்டிருக்கின்றன. ஹைதராபாதில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம், முன்பே ஓட்டிச் சேமித்த ஆழிப்பேரலைக் காட்சிகளிலிருந்து நிலநடுக்கத்துக்குப் பொருத்தமானதை எடுத்துக் கொடுக்கிறது. ஆழ்கடலில் உராய்வுக்கு வேலை குறைவு, அடித்தள ஆழமும் போதுமான அளவு தெரியும். அதனால் அங்கே ஊகத்துக்கு இடமும் குறைவு.

சரிபார்த்தது என்றால் என்ன

நெய்வேலியில் 1956இல் சுரங்க நிறுவனம் அமைந்தது முதலே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் நிலத்தடி நீர் பெரும் பொறியியல் சிக்கல். இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரை வெடித்துவிடும். எத்தனை கிணறு, எங்கே, எவ்வளவு இறைப்பது என்பது நிலத்தடி நீர் மாதிரிகளுக்குப் பொருத்தமான வேலை. சுரங்கத் தரையருகே விடை நாள்தோறும் கிணற்று மட்டத்தில் சோதிக்கப்படுகிறது. அதே நீரடுக்கு சுற்றியுள்ள ஊர்களுக்கும் கடலோரத்துக்கும் நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதில்தான் கருத்து மோதல், ஏனெனில் அந்த விடையைச் சோதிக்கப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1992இல் கோனிகாவ், பிரெட்ஹூஃப்ட் இருவரும் நிலத்தடி நீர் மாதிரியை மெய்ப்பிக்கவே முடியாது என்று வாதிட்டார்கள். 1994இல் நவோமி ஒரெஸ்கஸும் உடனாசிரியர்களும் அதைப் புவி அறிவியல் முழுமைக்கும் விரித்தார்கள். பழைய பதிவோடு பொருந்தியது என்பதால் மாதிரி சரி என்றாகாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டியும் பொருந்தலாம். கீத் பெவன் 1990களில் இதை வெள்ளத்துக்குக் காட்டினார்: உராய்வு எண், மண் எண், மழைப் பங்கீடு ஆகியவற்றின் எத்தனையோ வேறுபட்ட சேர்க்கைகள் ஒரே ஆற்று வளைவைச் சமமாக நன்றாகத் தருகின்றன. அவர் சொன்ன வழி, ஏற்கத்தக்க எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டி, ஒற்றை எண்ணுக்குப் பதில் ஓர் இடைவெளியைத் தருவது. ஏற்கத்தக்கது எது என்ற வரம்பை ஆய்வாளரே வகுப்பது முறையல்ல என்று புள்ளியியலாளர்கள் கடிந்தார்கள். அந்தக் கடிதல் நியாயமானது. ஆனாலும் மாவட்ட நிர்வாகத்துக்கு, 4.2 மீட்டர் என்ற பொய்த்துல்லியத்தைவிட மூன்றரை முதல் ஐந்து வரை என்ற நேர்மை உதவும். அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு எந்தத் தெருவைக் காலி செய்வது என்பது வேறு தலைவலி.

ஆற்றைப் பார்க்காமல் பதிவைப் பார்க்கும் எந்திரங்கள்

அண்மையில் வந்த போட்டி, இயற்பியலை ஒதுக்கிவிட்டுத் தரவிலிருந்து கற்கும் நிரல்கள். கிராட்சர்ட் குழு 2019இல் அமெரிக்காவின் 531 படுகைகளில் காட்டியது வியப்பானது. பல ஆறுகளில் கற்ற நரம்பியல் வலை, தான் பார்த்தேயிராத ஆற்றிலும், அந்த ஆற்றுக்கென்றே திருத்திய மரபு மாதிரியைவிடப் பெரும்பாலும் நன்றாகக் கணித்தது. கூகுள் 2018இல் பாட்னாவில் தொடங்கிய வெள்ள எச்சரிக்கை இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அளவுக் கருவி குறைந்த படுகைகளுக்கு இது பெரிய வாய்ப்பு.

வெள்ளாற்றுக் கீழ்ப்பகுதிக்கு இது அப்படியே பொருந்துமா என்பது ஐயம். அணைக்கட்டும் ஏரியும் மதகும் அடுத்தடுத்து நிற்கும் ஆற்றில் ஓட்டத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, மனித முடிவும் சேர்ந்து தீர்மானிக்கிறது. அந்த முடிவுகளின் பதிவு கொடுக்கப்படாவிட்டால் எந்திரம் கற்க எதுவும் இல்லை. 2015க்குப் பிறகு சென்னைக்கு உருவான ஒருங்கிணைந்த கடலோர வெள்ள முன்னறிவிப்பு முறை இயற்பியல் மாதிரிகளையே இணைத்துக் கட்டப்பட்டது. மாநகருக்குக் கிடைத்த அந்த அளவு அளவீடு பேரூராட்சிகளுக்கு எப்போது கிடைக்கும் என்பது அறிவியல் கேள்வி அல்ல.

முடிவாகாதவை

இன்றைய நிலையில், மேல்படுகையின் பெருமழைக்கு ஆற்றில் வரும் நீரின் அளவைச் சுமாரான பிழையோடு சொல்ல வழிகள் உள்ளன என்று கருதலாம். அந்த நீர் கீழே எங்கே பரவும் என்பது, நிலமட்டம் அளக்கப்பட்ட இடங்களில் மட்டும் சொல்லத்தக்கது. மாற்றுத் திட்டங்களை ஒப்பிடுவதில் மாதிரிகள் வலுவானவை. கரை உடைப்பையும் மதகு இயக்கத்தையும் முன்கூட்டிச் சொல்வதில் பலவீனமானவை. கடல் மட்டம், ஆற்று வெள்ளம், உள்ளூர் மழை மூன்றும் ஒரே இரவில் சேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு இந்தக் கரைக்கென்று நம்பத்தக்க விடை எழுதப்பட வேண்டியிருக்கிறது. தனித்தனியாக நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மூன்றைப் பெருக்கிப் பார்த்து அரிது என்று தள்ளுவது தவறு, ஒரே புயல் மூன்றையும் கூட்டிக்கொண்டு வரும்.

மாதிரியைச் சிக்கலாக்குவதா, அளவீட்டைப் பெருக்குவதா என்பதில் அறிஞர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். இந்தப் படுகையைப் பொறுத்தவரை இரண்டாவதன் பக்கம் தட்டு தாழ்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் சுவர்களில் நிற்கும் சேற்றுக் கோடுகளை மட்டக் கருவியால் அளந்து, அந்த இரவின் மதகு இயக்கக் குறிப்பேட்டோடு சேர்த்துப் பொதுவில் வைத்தால், ரைவ்ஸ் முதல் நரம்பியல் வலை வரை எல்லா முறைகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்திச் சோதிக்கலாம். கோடுகள் அடுத்த வெள்ளையடிப்பு வரைதான் இருக்கும். குறிப்பேடுகளை எந்தத் துறை, எத்தனை நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பதற்கு விதி வகுப்பது அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்யக்கூடிய வேலை.